அத்தியாயம் 7: நிறுவல் சர்வரின் கதவை யாருக்குத் திறப்பது?

திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு பொறியியல் கல்லூரி லேபில் 60 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகி ஓஎஸ் போட உட்கார்ந்தால் லேப் அசிஸ்டெண்டுக்கு அந்த வாரம் போயிற்று. அப்படியும் பதினைந்தாவது கணினிக்கும் நாற்பதாவது கணினிக்கும் ஏதாவது ஒரு வித்தியாசம் வராமல் இருக்காது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால் இந்த வேலை இப்போது இன்னும் கூடியிருக்கிறது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை. அந்தத் தகுதி இல்லாவிட்டாலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. டெபியன் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் சி, பைத்தான், ஜாவா லேப்களுக்குத் தாராளமாக உழைக்கும்.

சென்ற அத்தியாயத்தில் சர்வரில் எஃப்ஏஐ நிறுவினோம். 1999-ல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே தொடங்கிய தானியங்கி நிறுவல் கருவி இது. மியூனிக் நகராட்சி தன் லிமக்ஸ் திட்டத்தில் சுமார் 15,000 மேசைக் கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனபோது இதைப் பயன்படுத்தியது. சூசேக்கு ஆட்டோயாஸ்ட், ரெட் ஹேட்டுக்கு கிக்ஸ்டார்ட், டெபியனின் சொந்த நிறுவிக்கு ப்ரிசீட், உபுண்டுவுக்கு ஆட்டோஇன்ஸ்டால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு. நீங்கள் எதை எடுத்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: வலையில் இருக்கும் கணினிகளில் எவை இந்தச் சர்வரை அணுகலாம், எதை எடுக்கலாம், எதுவரை?

நிறுவல் தானாக நடக்க வேண்டும் என்ற அவசரத்தில் பலர் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிடுகிறார்கள். வேலையும் அன்றே முடிந்துவிடுகிறது. ஆபத்து பிறகுதான் வரும். வலைவழியாக பூட் ஆகும் எந்தக் கணினியையும் கேள்வி கேட்காமல் அழித்து ஓஎஸ் போடும் சர்வர் ஒன்று வளாகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக் கணினியை யாரோ காலையில் ரீஸ்டார்ட் செய்கிறார். கட்டணப் பதிவேடு போனது போனதுதான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இந்நூலில் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்கவும். பேரெழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்வோம்.

முதலில் வலை

கணினி நெட்வொர்க் பூட்டில் எழுந்ததும் "எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள், எந்தக் கோப்பை ஏற்றுவது என்றும் சொல்லுங்கள்" என்று வலை முழுக்கக் கூவுகிறது. டிஹெச்சிபி சர்வர் பதில் சொல்கிறது. கணினி டிஎஃப்டிபி வழியாக ஒரு சிறு பூட் நிரலையும், பிறகு கெர்னலையும் இனிட்ஆர்டியையும் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கெர்னல் சர்வரின் ஒரு டைரக்டரியை என்எஃப்எஸ் மூலம் தன் ரூட்டாக ஏற்றுகிறது. நிறுவல் அங்கிருந்து தொடங்குகிறது. இந்த மூன்று இடத்திலும் அனுமதி கொடுப்பவர் நீங்கள்தான். ஒரு இடத்தில் இறுக்கி இன்னொரு இடத்தில் விட்டுவிட்டால் இறுக்கியது வீண்.

பெரும்பாலான கல்லூரிகளில் ஏற்கெனவே ஒரு டிஹெச்சிபி இருக்கும். சில இடங்களில் அது முறையான சர்வர். பல இடங்களில் நெட் இணைப்போடு வந்த ரௌட்டர்தான். அதே வலையில் நீங்களும் ஒரு டிஹெச்சிபியை ஓடவிட்டால் இரண்டும் போட்டி போட்டுப் பதில் சொல்லும். லேப் கணினி ரௌட்டரிடம் முகவரி வாங்கி பூட் கோப்பு தெரியாமல் நிற்கும். பிரின்சிபால் அறை லேப்டாப் உங்கள் சர்வரிடம் முகவரி வாங்கி நெட் இல்லாமல் தவிக்கும். இரண்டாவது நடந்தால் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும்.

நிறுவல் நாளில் லேபின் சுவிட்சை வளாக வலையிலிருந்து பிரித்துவிடுவது என் பரிந்துரை. அப்லிங்க் கேபிளைக் கழற்றினால் போதும். மேனேஜ்டு சுவிட்ச் இருந்தால் லேபுக்கு என்று தனி விலான் போடுங்கள். பிரிக்கவே முடியாது என்றால் டிஎன்எஸ்மாஸ்க் நிரலின் பிராக்ஸி முறை இருக்கிறது. முகவரியை ரௌட்டரே கொடுக்கும். பூட் கோப்பின் பெயரை மட்டும் உங்கள் சர்வர் சொல்லும். ஆனால் பின்னால் வரும் என்எஃப்எஸ் அனுமதி முழுக்க ஐபி முகவரியை நம்பியே இருப்பதால், முகவரி கொடுக்கும் பொறுப்பும் நம்மிடம் இருப்பது நல்லது. பழைய கையேடுகள் சொல்லும் ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வரைப் புதிதாகப் போடாதீர்கள். அதன் பராமரிப்பை அந்த அமைப்பே 2022-ல் நிறுத்திவிட்டது. கியா அல்லது டிஎன்எஸ்மாஸ்க் போதும்.

இந்த அத்தியாயத்தில் சர்வரின் முகவரி 192.168.50.1. லேப் கணினிகளுக்கு 192.168.50.101 முதல் 160 வரை. ஒவ்வொரு முகவரியையும் ஒரு எம்ஏசி எண்ணோடு கட்டிவைக்கிறோம். பட்டியலில் இல்லாத எம்ஏசி வந்தால் பதிலே சொல்லக் கூடாது. டிஎன்எஸ்மாஸ்கில் டிஹெச்சிபி-இக்னோர் என்ற வரி அதற்குத்தான்.

அறுபது எம்ஏசி எண்களைப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எழுதி எடுக்க வேண்டாம். முதல் வரிசையின் முதல் கணினியிலிருந்து ஒவ்வொன்றாக நெட்வொர்க் பூட்டில் எழுப்புங்கள். சர்வரின் லாகில் எண்கள் அதே வரிசையில் வந்து விழும்; நகலெடுத்து ஒட்டினால் போதும். ஒரே யுஎஸ்பி லேன் அடாப்டரை மாற்றி மாற்றிப் பல லேப்டாப்களில் செருகினால் எல்லாமே ஒரே எண்ணைச் சொல்லும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மதர்போர்டு மாற்றிய பெட்டிக்கும் எண் மாறியிருக்கும்.

பெயர் வைக்கும்போது ஊரையோ மாவட்டத்தையோ சேர்க்காதீர்கள். 2022 ஏப்ரல் 4 அன்று பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமானது. மாவட்டப் பெயரோடு இருந்த எந்தப் பட்டியலும் அன்றே பழசாகிவிட்டது. லேப் எண்ணும் இருக்கை எண்ணும் என்றைக்கும் மாறாது: லேப்2-15 என்றால் யாருக்கும் புரியும்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பு

என்எஃப்எஸ் அனுமதிகள் எல்லாம் /ஈடிசி/எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. எஃப்ஏஐக்கு இரண்டு வரி தேவை. ஒன்று நிறுவல் நேரத்தில் கணினி ரூட்டாக ஏற்றிக்கொள்ளும் என்எஃப்எஸ்ரூட் டைரக்டரிக்கு. மற்றது எந்தக் கணினிக்கு எந்த மென்பொருள், வட்டை எப்படிப் பிரிப்பது என்ற விவரங்கள் இருக்கும் கான்ஃபிக் டைரக்டரிக்கு. ஒவ்வொரு வரியிலும் முதலில் டைரக்டரி, அடுத்து யாருக்கு, அதை ஒட்டினாற்போல் அடைப்புக்குறிக்குள் எப்படி.

"யாருக்கு" என்ற இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் சர்வரை எட்டக்கூடிய எல்லோருக்கும் என்று பொருள். போடாதீர்கள். 192.168.50.0/24 என்று லேப் வலையை மட்டும் எழுதுங்கள்.

அடைப்புக்குறிக்குள் முதலில் வர வேண்டியது ஆர்ஓ, அதாவது படிக்க மட்டும். இரண்டு டைரக்டரிகளுக்கும் இதுவே போதும்; நிறுவல் நேரத்தில் கணினி எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். ஆர்டபிள்யூ கொடுத்தால் ஒரு கணினியில் உட்கார்ந்திருப்பவர் மற்ற ஐம்பத்தொன்பதிலும் ஏறப்போகும் கோப்புகளை மாற்றிவிட முடியும்.

அடுத்தது நோ_ரூட்_ஸ்குவாஷ். வழக்கமாக, வேறொரு கணினியின் ரூட் பயனர் என்எஃப்எஸ் வழியாக வந்தால் சர்வர் அவரைச் சாதாரண ஆளாக இறக்கிவிடும். என்எஃப்எஸ்ரூட்டில் ரூட் மட்டுமே படிக்கக்கூடிய கோப்புகள் இருப்பதால் நிறுவலின்போது அந்தத் தடையை நீக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்காரர்கள் முகம் சுளிக்கும் சொல்தான். வேறு வழியில்லாமல் கொடுக்கும் அதிகாரம் இது. அதனால்தான் ஆர்ஓவும் குறுகிய முகவரி வரம்பும் கட்டாயமாகின்றன.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியும் இங்கே உண்டு. முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் கோப்பின் பொருளே மாறிவிடும். 192.168.50.0/24(ஆர்ஓ) என்று ஒட்டி எழுதினால் அந்த வலைக்குப் படிக்கும் உரிமை. நடுவே இடைவெளி விட்டால், அந்த வலைக்கு இயல்புநிலை உரிமைகளும், அடைப்புக்குறிக்குள் இருப்பவை உலகத்தார் எல்லோருக்கும் என்றும் சர்வர் புரிந்துகொள்ளும். நோ_ரூட்_ஸ்குவாஷும் அதோடு சேர்ந்து உலகத்துக்குப் போய்விடும். நிறுவல் வேலை செய்யக்கூடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

கோப்பை மாற்றியதும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கட்டளையை ஓட்டினால் மாற்றம் நடப்புக்கு வரும். எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி ஓட்டினால் சர்வர் உண்மையில் என்ன புரிந்துகொண்டது என்பது தெரியும். நீங்கள் எழுதியதை நம்பாதீர்கள். இந்தக் கட்டளை காட்டுவதை நம்புங்கள். அதில் உலகம் என்று பொருள்படும் வேர்ல்ட் என்ற சொல் தெரிந்தால் இடைவெளியைத் தேடுங்கள்.

என்எஃப்எஸ் ஐபி முகவரியைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கிறது. லேப் சுவிட்சில் சொந்த லேப்டாப்பைச் செருகி 192.168.50.170 என்று தானே முகவரி போட்டுக்கொள்ளும் மாணவருக்கு கான்ஃபிக் டைரக்டரி முழுவதும் தெரியும். ஆகவே அங்கே ரகசியம் எதையும் வைக்கக் கூடாது. வைஃபை கடவுச்சொல், எஸ்எஸ்ஹெச்சின் தனிச் சாவி இரண்டும் அந்தப் பக்கமே போகக் கூடாது. ரூட் கடவுச்சொல்லின் ஹேஷை அங்கே வைப்பது வழக்கம். ஆனால் ஹேஷை எடுத்துப்போய் வீட்டில் நிதானமாக உடைக்கலாம். நிறுவலுக்கென்று ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லை வைத்து, எல்லாம் முடிந்தபின் மாற்றிவிடுங்கள். ரூட் கடவுச்சொல்லையே பூட்டிவிட்டு உங்கள் எஸ்எஸ்ஹெச் பொதுச் சாவியை மட்டும் சேர்த்தால் இன்னும் நல்லது.

நிறுவிய கணினி தன் லாகைச் சர்வருக்கு அனுப்ப வேண்டுமே என்று கேட்கலாம். அதற்கு என்எஃப்எஸ்ஸில் எழுதும் உரிமை தேவையில்லை. எஃப்ஏஐ அதற்கென்று வைத்திருக்கும் தனிப் பயனர் கணக்கு வழியாக எஸ்எஸ்ஹெச்சில் போகும். அந்தக் கணக்குக்கு லாக் டைரக்டரியையும் பூட் கோப்புகளையும் தாண்டி வேறு எங்கும் எழுத இடம் தராதீர்கள்.

கான்ஃபிக் டைரக்டரி பற்றிப் பேசும்போது ஒன்று: இந்த வட்டாரத்து லேபுக்குத் தெலுங்கு எழுத்துருக்களோடு தமிழ் எழுத்துருக்களையும் சேர்த்தே போடுங்கள். நகரி, புத்தூர், குப்பம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. டெபியனில் இரண்டுக்கும் தனித்தனித் தொகுப்புகள் இருக்கின்றன. பட்டியலில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

எந்தக் கணினி, எப்போது

வலைக்குள் நுழைய அனுமதி வேறு, வட்டை அழித்து ஓஎஸ் போட அனுமதி வேறு. இரண்டாவதை ஒவ்வொரு கணினிக்கும் தனியாக, அன்றைக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட் நிரல் தனக்கான கட்டளைக் கோப்பைத் தேடும் முறையைப் புரிந்துகொண்டால் இது எளிது. தன் எம்ஏசி எண்ணின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தன் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணாக மாற்றித் தேடும், 192.168.50.101 என்றால் சி0ஏ83265. அதுவும் இல்லையென்றால் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே தேடி, கடைசியில் டிஃபால்ட் என்ற கோப்புக்கு வரும். இந்தப் பெயர்களில் வரும் சி, ஏ எழுத்துகளுக்கு மட்டும் பேரெழுத்து. சி0ஏ832 என்று ஒரு கோப்பு வைத்தால் அது 192.168.50 வலை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் அந்தக் கோப்பில் நிறுவல் கட்டளை இருந்தால் அடுத்த நாளும் அறுபது கணினிகளும் அழியும்.

டிஃபால்ட் கோப்பில் எப்போதும் "உன் சொந்த வட்டிலிருந்தே எழு" என்ற ஒரே கட்டளைதான் இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

நிறுவ வேண்டிய கணினிக்கு மட்டும் எஃப்ஏஐ-சிஹெச்பூட் கட்டளையால் தனிக் கோப்பை உருவாக்குங்கள். -எல் கொடுத்தால் இப்போது எந்தெந்தக் கணினிக்கு அனுமதி இருக்கிறது என்று பட்டியல் வரும். -டி கொடுத்தால் அனுமதி நிற்கும். லாக் பயனர் கணக்கைச் சரியாக அமைத்திருந்தால் நிறுவல் முடிந்ததும் கணினியே சர்வரிடம் சொல்லித் தன் அனுமதியை நிறுத்திக்கொள்ளும். இந்தச் சிறு ஏற்பாட்டை விட்டுவிட்டால் கணினி நிறுவி, ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி நிறுவி, விடியும்வரை அதையே செய்துகொண்டிருக்கும்.

ஃபயர்வால்

திறக்க வேண்டியவை கொஞ்சம்தான். டிஹெச்சிபிக்கு யுடிபி 67, டிஎஃப்டிபிக்கு யுடிபி 69, என்எஃப்எஸ்ஸுக்கு 2049, 111. என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பென்றால் மவுண்ட்டி என்ற துணைச் சேவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு போர்ட்டில் எழும், /ஈடிசி/என்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் அதை 20048 என்று நிலைநிறுத்திவிட்டு அதைத் திறங்கள். லாகுக்கு 22. நிறுவல் எதுவரை வந்தது என்று பார்க்க எஃப்ஏஐ-மானிட்டர் வைத்திருந்தால் 4711. எல்லாமே 192.168.50.0/24-க்கு மட்டும்.

சர்வர் ஒரு விலானிலும் லேப் இன்னொரு விலானிலும் இருந்தால் இரண்டு சங்கடம். டிஹெச்சிபியின் கூவல் விலானைத் தாண்டாது. ரௌட்டரில் ரிலே வைக்க வேண்டும். டிஎஃப்டிபி 69-ல் கேட்டாலும் வேறு போர்ட்டிலிருந்து பதில் சொல்லும்; நடுவில் உள்ள ஃபயர்வாலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு தலைவலி வேண்டாம் என்றால் நிறுவல் நாளில் சர்வரையே தூக்கிக்கொண்டு லேபுக்குப் போய்விடுங்கள். பழைய டெஸ்க்டாப் ஒன்றே இந்த வேலைக்குப் போதும்.

திரையில் வரும் எண்கள்

நெட்வொர்க் பூட் தோற்றால் திரையில் ஓர் எண் வரும். அதைப் படித்தாலே எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிஎக்ஸ்இ-இ51 என்றால் டிஹெச்சிபி பதிலே வரவில்லை. எம்ஏசி பட்டியலில் இல்லையா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் இருந்தும் வந்தால், அதுவும் சில கணினிகளில் மட்டும் வந்தால், சுவிட்சைச் சந்தேகியுங்கள். மேனேஜ்டு சுவிட்சில் ஸ்பானிங் ட்ரீ ஓடினால் கேபிளில் உயிர் வந்தபின் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும். அதற்குள் கணினி கேட்டு அலுத்துவிடும். கணினி செருகிய போர்ட்டுகளுக்கு போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் நெட்வொர்க் கார்டையே மாற்றியவர்கள் உண்டு.

பிஎக்ஸ்இ-இ53 என்றால் முகவரி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. வேறு ஏதோ டிஹெச்சிபி முந்திக்கொண்டது என்று அர்த்தம். அப்லிங்க் கேபிளை யாரோ மறுபடி செருகியிருப்பார்கள். இ32 என்றால் டிஎஃப்டிபி எட்டவில்லை: சேவை ஓடுகிறதா, ஃபயர்வாலில் 69 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கெர்னல் ஏறி, எழுத்துகள் ஓடி, ரூட்டை ஏற்ற முடியவில்லை என்று நின்றால் என்எஃப்எஸ்தான். லேபின் வேறொரு கணினியிலிருந்து ஷோமவுண்ட் -இ 192.168.50.1 என்று கேளுங்கள். பட்டியல் வந்தால் எக்ஸ்போர்ட்ஸில் முகவரி வரம்பைச் சரிபாருங்கள், வராவிட்டால் ஃபயர்வால்.

நிறுவல் பாதிவரை போய், மென்பொருள் பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நின்றால் அனுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெட்டியின் சிமாஸ் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டு பின்னால் போயிருக்கிறது. ஒரு சிஆர்2032 வாங்கிப் போடுங்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை

ஒரு கணினிக்கு 2 ஜிபி மென்பொருள் என்றால் 30 கணினிக்கு 60 ஜிபி. அதே 2 ஜிபியை வெளி நெட்டிலிருந்து முப்பது முறை இழுப்பது நடக்காத காரியம். சர்வரில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்து 3142 போர்ட்டை லேபுக்குத் திறந்துவிட்டால், முதல் கணினி இழுப்பது மற்ற எல்லாவற்றுக்கும் சர்வரிலேயே கிடைக்கும். அதன் பிறகு வேகத்தைத் தீர்மானிப்பது சுவிட்ச். ஜிகாபிட் போர்ட்டில் விநாடிக்கு 110 எம்பி வந்தால் 60 ஜிபியும் பத்து நிமிடத்துக்குள் போய்விடும். சர்வரை 100 மெகாபிட் சுவிட்சில் செருகியிருந்தால் அதே வேலைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. லேப் முழுக்கப் பழைய சுவிட்சாக இருந்தாலும் சர்வரின் போர்ட் மட்டுமாவது ஜிகாபிட்டாக இருக்கட்டும்.

திருமலை வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் ஓர் அறை காலியான பிறகுதான் அடுத்த அறையைத் திறக்கிறார்கள். இங்கும் அப்படியே வரிசை வரிசையாக விடுங்கள். பத்துக்கு மட்டும் எஃப்ஏஐ-சிஹெச்பூட் அனுமதி, அவை முடிந்ததும் அடுத்த பத்து. முதல் பத்தில் தவறு தெரிந்தால் மீதி ஐம்பதும் பிழைக்கும். சர்வரையும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் வையுங்கள். லேப் கணினிகளுக்கு யுபிஎஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரண்ட் போனால் அந்தப் பத்தை மறுபடி எழுப்பினால் தானே முதலிலிருந்து போட்டுக்கொள்ளும்.

வேலை முடிந்ததும்

ஏபி ஈஏபிசெட் போன்ற கணினிவழித் தேர்வுகளுக்கு இந்த லேப்களை மையமாகக் கொடுக்கும் கல்லூரிகள் திருப்பதியிலும் சித்தூரிலும் உண்டு. தேர்வு நடத்துபவர்கள் தங்கள் சர்வரையும் வலை அமைப்பையும் கொண்டுவருவார்கள். அந்த நாளில் உங்கள் நிறுவல் சர்வரின் டிஹெச்சிபி விழித்திருந்தால் தேர்வு அறையில் கணினிகள் தவறான முகவரியோடு எழும். ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் சர்வரின் கேபிளைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுங்கள். சேவையை நிறுத்தினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

சாதாரண நாளிலும் நிறுவல் முடிந்த அன்றே மூடுங்கள். எஃப்ஏஐ-சிஹெச்பூட் -எல் பட்டியலில் நிறுவல் அனுமதியோடு ஒரு கணினியும் இருக்கக் கூடாது. எக்ஸ்போர்ட்ஸின் இரண்டு வரிகளுக்கும் முன்னால் ஹேஷ் குறி போட்டு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ ஓட்டுங்கள். டிஎன்எஸ்மாஸ்கை நிறுத்துங்கள். மறுபடி தானே தொடங்காதபடி டிஸேபிளும் செய்யுங்கள். கரண்ட் போய் வந்ததும் சர்வரோடு சேர்ந்து அதுவும் எழுந்துகொள்ளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்லிங்க் கேபிளை அதன் பிறகே செருகுங்கள்.

செருகியதும் ஹாஸ்டல் வலையிலிருந்து ஒரு லேப்டாப்பில் ஷோமவுண்ட் -இ கொடுத்துப் பாருங்கள். ஒரு டைரக்டரியும் தெரியவில்லை என்றால் தேதியையும் நேரத்தையும் லேப் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.